பத்தாவது ஆள்

அன்ரி!

எங்கே நின்றாலும் இந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பீர்கள். இனித் திரும்ப மாட்டீர்கள் என்று தெரிந்துதான் கூப்பிடுகிறேன். உங்கள் சொந்தப் பெயரை இதில் எழுத மாட்டேன். பேக்கரியில் பத்து வருஷம் முடித்ததற்கு முதலாளி கேக்கில் பெயர் எழுதி வைத்தபோது, கத்தியால் அந்த எழுத்தை வழித்துவிட்டு வெறும் கேக்கை வெட்டிய ஆள் நீங்கள். பத்திரிகையில் பெயர் வந்தால் என்னைச் சும்மா விடுவீர்களா?

வாசிக்கிறவர்களுக்கு முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். அன்ரி தமிழர் இல்லை, யூதர். மெல்பேர்ணில் கோல்ஃபீல்ட் பக்கம் நான் வேலை செய்கிற பேக்கரியில் மேற்பார்வை பார்த்தவர். மாவும் முட்டையும் எண்ணெயும் அவர்களின் சமய முறைப்படி இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. அறுபது வயதிருக்கும். தலையில் எப்போதும் ஒரு துணி. புருஷன் எப்போதோ பிரிந்து போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. வயதான தகப்பன் மட்டும் இருந்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை கேட்டார்: "உங்கட பாஷையில வயசு கூடின பொம்பிளையை என்னெண்டு கூப்பிடுவீங்கள்?"

"அன்ரி."

"அது இங்கிலீஷ்!"

"இல்லை. இங்கிலீஷில ஆன்டி. நாங்கள் சொல்லுறது அன்ரி."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப சரி. நான் அன்ரி."

அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் எனக்குள்ளே அது எங்களுடைய பேச்சாகத்தான் கிடக்கிறது. கிடக்கிறபடியே எழுதுகிறேன்.

அன்ரியைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லு என்று கேட்டால், ஆம்பிளைகளை எண்ணுகிறவர் என்றுதான் சொல்வேன். சிரிக்காதீர்கள்.

பேக்கரியிலிருந்து இரண்டு கடை தள்ளி ஒரு சின்ன ஷூல் இருக்கிறது. அவர்களுடைய கோயிலுக்கு அப்படித்தான் சொல்வார்கள். காலை ஆறே முக்காலுக்கு அங்கே பிரார்த்தனை தொடங்கும். பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் அதில் முக்கியமான பகுதிகளைச் சொல்லலாம். ஒன்பது ஆண்களும் நூறு பெண்களும் நின்றாலும் கணக்கு ஒன்பதுதான். அங்கே வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் கிழவர்கள். ஒருவருக்கு இடுப்பு ஆபரேஷன், ஒருவர் மகளோடு இருக்க சிட்னிக்குப் போய்விட்டார், ஒருவருக்கு மழை என்றால் பயம். அதனால் ஆறரை மணிக்கு, போறணையில் முதல் தட்டுப் பாண் வெந்துகொண்டிருக்கும்போது, அன்ரி மா படிந்த ஏப்ரனோடு வாசலில் போய் நின்று ஷூலுக்குள் போகிற தலைகளை எண்ணுவார்.

"ஒண்டில்லை, ரெண்டில்லை, மூண்டில்லை..."

முதல் தரம் கேட்டபோது எனக்கு விளங்கவில்லை. "என்ன அன்ரி, வந்த ஆக்களை இல்லை இல்லை எண்டுறீங்கள்?"

"ஆக்களை எண்ணக் கூடாது, கண் பட்டிடும். அதுதான் இல்லையெண்டு எண்ணுறன்."

"எங்கட அம்மாவும் இப்பிடித்தான். எத்தினை பிள்ளையள் எண்டு ஆரும் கேட்டாலே நாவூறு எண்டு பயப்பிடுவா."

"எத்தினை பிள்ளையள்?"

"நான் ஒராள்தான்."

"அப்ப எண்ணுறதுக்கு என்ன கிடக்கு!" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தெருவைப் பார்த்தார். "ஏழில்லை... எங்க இந்த மனிசன், இன்னும் காணேல்லை?"

ஒன்பதில் நின்றுவிட்டால் அவ்வளவுதான். ஏப்ரனைக் கழற்றக்கூட நேரமிருக்காது. பஸ் தரிப்புக்கு ஓடுவார். கோப்பிக் கடைக்குள் தலையை நீட்டுவார். சிவப்பு லைட்டில் நிற்கிற காரின் கண்ணாடியில் தட்டுவார். ஏணியில் நின்று வயர் இழுத்துக்கொண்டிருந்த ஒரு எலெக்ட்ரீஷியனை இறக்கிக் கூட்டிக்கொண்டு போனதை நான் கண்ணால் கண்டேன். ஒருநாள் கோட்டு சூட்டோடு ஒரு இளம் வக்கீல் அகப்பட்டான்.

"எனக்கு இண்டைக்கு கோர்ட் இருக்கு, விடுங்கோ."

"கோர்ட்டில உன்னோட எத்தினை வக்கீல்மார்?"

"நிறையப் பேர்."

"இங்க நீ ஒராள்தான் பத்தாவது. உனக்கு எங்க மதிப்புக் கூட, சொல்லு பாப்பம்?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், அன்ரியின் முகத்தைப் பார்த்தான், உள்ளே போனான். இன்ன ஆளைத்தான் கேட்க வேண்டும் என்று எப்படித் தெரியும் என்று அவரிடம் கேட்டேன். "முகத்தில எழுதிக் கிடக்கும். 'தயவுசெய்து என்னைக் கேட்டிடாதேங்கோ' எண்டு" என்றார்.

ஆள் முன் கதவால் உள்ளே போவார். அன்ரி பக்கக் கதவால் போவார். பெண்களுக்கு இடம் பின்னால், ஒரு வெள்ளைத் திரைச்சீலைக்கு அங்கால்.

இந்த ஓட்டம் அவருடைய தகப்பன் இறந்த பிறகு தொடங்கியது. அவர்களில் தாயோ தகப்பனோ செத்தால் மகன் பதினொரு மாசம் ஒவ்வொரு நாளும் கடிஷ் என்று ஒரு ஜெபம் சொல்ல வேண்டும். செத்தவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கடவுள் பெரியவர், கடவுள் பெரியவர் என்றுதான் வருமாம். பத்து ஆண்கள் நின்றால்தான் அதைச் சொல்லலாம். மகளுக்கு அந்தக் கடமை கிடையாது. மகன் இல்லாதவர்கள் வேறு யாராவது ஆணைப் பிடித்துச் சொல்ல வைப்பார்கள். அன்ரிக்கு அது மனதுக்கு ஒத்துவரவில்லை. தானே சொல்கிறேன் என்று அவர்களுடைய குருவிடம் போய்க் கேட்டார். முதல் தரம் குரு சிரித்தார். இரண்டாம் தரம் யோசிக்கிறேன் என்றார். மூன்றாம் தரம், ஷூலைப் பூட்டித் திறக்கிற, திறப்பை வைத்திருக்கிற கிழவர் சேர்ந்து சொன்னால், திரைக்குப் பின்னால் நின்று மெல்லிய குரலில் நீயும் சொல்லலாம் என்று விட்டுக்கொடுத்தார். அந்தத் திறப்புக் கிழவர் பின்னாலும் வருவார்.

ஆக அன்ரி சொல்ல வேண்டும் என்றால் பத்து ஆண்கள் வேண்டும். அன்ரியே பத்தாவது ஆளாக முடியாது. விஷயம் இவ்வளவுதான். பதினொரு மாசம் அவருக்கு நித்திரையைக் கெடுத்ததும் இதுதான்.

அவர் கதிரையில் இருந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நின்றபடி பாணைப் பிய்த்து வாயில் போடுவார், கண் வாசலில் இருக்கும். பேசும்போது மேசையைத் துடைப்பார். துடைத்த மேசையை மறுபடியும் துடைப்பார். பக்கத்தில் நின்றால் நமக்கும் கால் நிற்காது. பேக்கரிக்குள்ளே அவர் ஆடாமல் நிற்கிறது ஒரேயொரு தரம்தான். வெள்ளிக்கிழமைப் பின்னல் பாணுக்குக் குழைத்த மாவில் ஒரு துண்டைக் கிள்ளி எடுத்து, கண்ணை மூடி ஒரு ஜெபம் சொல்லி, அந்தத் துண்டை எரிய விடுவார். அது பெண்களின் கைக்கு என்று விட்ட காரியமாம். அந்த நேரத்தில் முதலாளிகூட வாய் திறக்க மாட்டார். அரை நிமிஷம். பிறகு பழையபடி தட்டுகளை இழுத்து அடிப்பார்.

நல்லவர் என்று மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். பத்தாவது ஆளைத் தேடி ஓடும்போது என்னைத் தனியே விட்டுவிட்டுப் போவார். இரண்டு தட்டுக் கருகினால் திரும்பி வந்து என்னைத்தான் ஏசுவார். "உனக்கு மூக்கில்லையோ?" என்பார். எனக்கு இருப்பது இரண்டு கை, நீங்கள் ரோட்டில் நின்றீர்கள் என்று ஒருநாள் திருப்பிச் சொன்னேன். "அப்ப மூக்கு இருக்கு, வாயும் இருக்கு" என்றார்.

இனி நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு மா கொண்டு வருகிறவர் யோகன் அண்ணை. கிளிநொச்சிக்காரர். கந்தசாமிக்கு ஏதோ நேர்த்தி வைத்துத் தாடி வளர்த்திருந்தார். குளிருக்குத் தலையில் தொப்பி. ஒரு வியாழக்கிழமை ஒன்பதோடு நின்றுவிட்டது. அன்ரி பஸ் தரிப்புப் பக்கம் ஓடிவிட்டார். மணி ஆறு நாற்பத்திரண்டு. யோகன் அண்ணை மா மூட்டையை இறக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். பதினொரு மாசத்தில் ஒரு நாளும் தவறக் கூடாது என்று அன்ரி சொல்லிச் சொல்லி எனக்கும் அந்தப் பதற்றம் பிடித்திருந்தது.

"அண்ணை, ஒரு பத்து நிமிஷம் அங்க உள்ளுக்குப் போய் இருந்திட்டு வாங்கோவன். ஒரு ஆம்பிளை குறையுது."

"என்னத்துக்கு?"

"செத்தவருக்குப் பிரார்த்தனை. அன்ரியின்ர அப்பாவுக்கு."

"அதுக்கென்ன, போட்டு வாறன்" என்று போய்விட்டார். செத்தவீட்டுக் காரியம் என்றால் எங்கள் ஆட்கள் இரண்டாம் கேள்வி கேட்பார்களா? வாசலில் நின்ற செக்யூரிட்டிக்கு அவரை மா ஏற்றி வருகிற வானோடு பழக்கம், உள்ளே விட்டுவிட்டான்.

பத்துப் பேரும் யூதராக இருக்க வேண்டும் என்று எனக்கு எவரும் சொல்லவில்லை. ஆண், ஆண் என்றுதான் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆணாக இருந்தால் போதும் என்று நான் நினைத்துவிட்டேன்.

உள்ளே நடந்ததை யோகன் அண்ணைதான் பிறகு சொன்னார். திறப்புக் கிழவர் இவரைப் பார்த்து, "கொச்சினோ?" என்று கேட்டிருக்கிறார். கொச்சியில் பழங்காலத்து யூதர்கள் இருந்தார்கள், அவர்களில் சிலர் இங்கேயும் இருக்கிறார்கள் என்பது இவருக்கு எங்கே தெரியும்? இவர் அவுஸ்திரேலியாவுக்குப் படகு பார்த்துக் கொச்சியில் ஒன்றரை வருஷம் ஒளிந்திருந்தவர். எப்படிக் கண்டுபிடித்தார் என்று திகைத்துப்போய், "ஓம் ஓம், கொச்சின்" என்றிருக்கிறார்.

"பேந்து கையை நீட்டு எண்டார், தங்கச்சி. பிரஷர் பாக்கப் போறாராக்கும் எண்டு நீட்டினன். கறுப்புத் தோல் வாரைச் சுத்துறார், சுத்துறார், ஏழு சுத்து. பேந்து நெத்தியிலயும் ஒண்டு கட்டினார். அப்பதான் யோசிச்சன், இது பிரஷர் இல்லை எண்டு."

வியாழக்கிழமைகளில் அவர்கள் வேதச் சுருளைத் திறந்து வாசிப்பார்கள். விருந்தாளியைக் கூப்பிட்டு மரியாதை செய்ய, கிழவர் இவருடைய பெயரையும் தகப்பன் பெயரையும் கேட்டிருக்கிறார். "யோகநாதன். அப்பா கணபதிப்பிள்ளை." கிழவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாராம். மூன்றாம் தரம் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்பே அன்ரி வெறும் கையோடு திரும்பி வந்து, திரைக்குப் பின்னால் நின்று கடிஷ் சொல்லி முடித்துவிட்டார். பத்தாவது ஆள் எங்கிருந்தோ வந்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாராம்.

அன்ரி பேக்கரிக்குள் வந்து கையைக் கழுவினார். துடைக்கவில்லை.

"ஒன்பது" என்றார். அன்றைக்குத்தான் அவர் இல்லை போடாமல் எண்ணிக் கேட்டேன். "ஒன்பது பேர். நீ அனுப்பினனியோ?"

"ஓம் அன்ரி. ஆம்பிளைதானே எண்டு..."

"இண்டைக்கு அப்பாவுக்குப் போகேல்லை."

அவ்வளவுதான் சொன்னார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று முழுக்க மேசையைக்கூடத் துடைக்கவில்லை. யோகன் அண்ணை சொன்னதையெல்லாம் சொல்லி நான் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டேன், மூன்று தரமும் தலையை ஆட்டினார். பின்னேரம் வேலை முடிந்து ரயிலுக்கு நடந்துகொண்டிருந்தேன். கார் பக்கத்தில் வந்து நின்றது. "ஏறு" என்றார்.

அவர்களுக்கு மாலையிலும் ஒரு பிரார்த்தனை உண்டு. காரில் இருபது நிமிஷம் தள்ளி ஒரு பெரிய ஷூல். உள்ளே நாற்பது ஐம்பது ஆண்கள் நின்றார்கள். பெண்கள் பகுதியில் நாங்கள் இரண்டு பேர்தான், முன்னால் மரச் சட்டத் தடுப்பு. அங்கே பெண்கள் கடிஷ் சொல்லும் வழக்கம் இல்லை என்று அன்ரி காரிலேயே சொல்லியிருந்தார். கடிஷ் சொல்லும் இடம் வந்தபோது முன்னே இரண்டு மூன்று ஆண்கள் எழுந்து தங்கள் தங்கள் செத்தவர்களுக்குச் சொன்னார்கள். அன்ரியும் எழுந்தார். அவர்களோடு சேர்ந்து, தடுப்பைப் பிடித்துக்கொண்டு, காதில் சொல்கிற மாதிரிச் சொன்னார். முன்னால் நின்ற ஒரு மனிதர் திரும்பி "ஷ்" என்றார்.

அன்ரி சத்தத்தைக் குறைக்கவில்லை. கூட்டினார். அதிகமில்லை, அந்த மனிதருக்குக் கேட்கிற அளவுக்கு. முடிகிற வரைக்கும், யாராவது வந்து எங்களை வெளியே போ என்பார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் வரவில்லை.

திரும்பி வரும் வழியில் கேட்டார்: "உண்மையா பிரஷர் எண்டே நினைச்சவர்?"

"ஓம் அன்ரி. நூத்தி இருபதுக்கு எண்பது எண்டு சொல்லுவினம் எண்டு பாத்துக்கொண்டு நிண்டவராம்."

சிரிக்கத் தொடங்கினார். காரை ஓரத்தில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். கண்ணீர் வந்தது. பிறகு அது சிரிப்பா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. நான் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த "ஷ்" எனக்குள்ளே இறங்கவேயில்லை. பிறகு ஒருநாள், பேக்கரிக்குப் பக்கத்து ஷூலில் ஆங்கிலமும் சேர்த்துப் போட்ட ஜெபப் புத்தகம் ஒன்று கிடந்தது. புரட்டிப் பார்த்தேன். என்னைப் பெண்ணாகப் படைக்காததற்கு நன்றி என்று ஆண்கள் காலையில் சொல்கிறார்கள். நான் புத்தகத்தையும் கொண்டு நேரே அன்ரியிடம் போனேன்.

"இதை வாசிச்சனீங்களோ?"

"ஐம்பது வருஷமா."

"கோபம் வரேல்லையோ?"

"அவங்கள் ஒரு நாளைக்கு மூண்டு தரம் ஓடிப்போய்ச் சொல்லியே ஆகவேணும். விடிய எழும்பவேணும், வார் கட்டவேணும். எங்களுக்கு அந்தக் கட்டாயம் ஒண்டும் இல்லை. அவ்வளவு வேலையைத் தலையில கட்டினதுக்கு நன்றி சொல்லாட்டி அழுதிடுவாங்கள். சொல்லட்டும், விடு."

"பகிடி விடாதேங்கோ. பொம்பிளையளையும் சேர்த்து எண்ணுற ஷூல் இருக்காமே. கார்ல கொஞ்சத் தூரம்தானாம். அங்க போனா இந்த ஓட்டம் தேவையில்லையே. நீங்களே பத்தாவது ஆள்."

மேசையைத் துடைத்தபடி சொன்னார்: "என்ர அப்பா அந்த வாசல் மிதிச்சதில்லை. நான் சொல்லுறது அவருக்காக. அவர் போகாத இடத்தில நிண்டு அவருக்காகச் சொன்னா, அது ஆருக்குச் சொன்னது?"

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு என்ன?"

எனக்கென்ன குறை என்று சொன்னாரா, எனக்கென்ன கிடைக்கும் என்று சொன்னாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கோபத்தில்தான் என் அப்பாவின் கதையைச் சொன்னேன். ஸ்பிரிங்வேல் சுடலையில் அப்பாவை எரித்தோம். நான் வேலைக்குப் போகிற ரயில் தினமும் அந்த ஸ்டேஷனில் நிற்கும், நான் மற்றப் பக்க யன்னலைப் பார்ப்பேன். கொள்ளி வைக்க ஆர் என்று ஐயர் கேட்டார். சித்தப்பாவின் மகன் முன்னுக்கு வந்தான். அப்பாவோடு வருஷத்தில் இரண்டு தரம் போனில் பேசுகிறவன். அவன்தான் பட்டனை அமத்தினான். நாலு வருஷம் அப்பாவின் மருந்துப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்த நான் பின்னால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதையெல்லாம் சொல்லி, "எங்கட ஆக்களும் உங்கட ஆக்கள் மாதிரித்தான்" என்று முடித்தேன்.

அன்ரி கேட்டார்: "நான் செய்யிறன் எண்டு நீ கேட்டனியா?"

"இல்லை."

"நான் கேட்டனான். மூண்டு தரம்."

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. இப்போதும் அந்தச் சொல்லை நினைத்தால் முகம் சுடுகிறது. கேட்டிருந்தால் ஐயர் விட்டிருப்பாரோ என்னவோ. கேட்கவில்லை என்பது மட்டும் உண்மை.

பதினொரு மாசம் முடிகிற நாள் வந்தது. பத்துக்கு மேலேயே ஆட்கள். சொல்லிவிட்டு வந்தவருக்கு நான் கோப்பி போட்டு வைத்திருந்தேன். இன்றைக்காவது இருப்பார் என்று கதிரையையும் இழுத்து வைத்தேன். இருக்கவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் ஒரு மாசம் சொன்னா என்ன, அன்ரி? ஒரு வருஷமாகுமே."

"சொல்லக் கூடாது. பொல்லாதவங்களுக்குத்தான் முழு வருஷம் வேணும் எண்டு சொல்லுவினம். நாளைக்கும் சொன்னா அப்பாவைப் பொல்லாதவர் எண்டு நானே சொன்ன மாதிரி." கண் வாசலுக்குப் போனது. "ஆனா நாளைக்கு விடிய என்ன செய்யிறது?"

அடுத்த நாள் ஆறரைக்கு வாசலில் அவருடைய குரல் கேட்டது. "ஒண்டில்லை, ரெண்டில்லை..."

"அன்ரி, உங்கட முடிஞ்சுதே!"

"என்ர முடிஞ்சுது. கிழவன்ர முடியேல்லை." திறப்புக் கிழவரின் மனைவி அந்தக் கிழமைதான் இறந்திருந்தார். அதற்குப் பிறகு இன்னொருவரின் தம்பி. அதற்குப் பிறகு ஒரு ரஷ்யக்காரரின் தாய். இரண்டு வருஷம், யார் யாருடைய செத்தவர்களுக்கோ அன்ரி ரோட்டில் ஓடினார். ஒருவரும் அவரை அந்தப் பத்தில் சேர்க்கவில்லை. சேருங்கள் என்று அவர் ஒரு நாளும் கேட்கவுமில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. அவரிலும் கோபம், அவர்களிலும் கோபம். ஆனால் ஆறரையானால் நானும் தெருவைத்தான் பார்த்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்ரி வேலைக்கு வரவில்லை. போன் எடுக்கவில்லை. முதலாளி போய்க் கதவைத் திறப்பித்தார். நித்திரையிலேயே போயிருந்தார். அடுத்த நாளே அடக்கம். அவர்களில் பெண்ணின் உடலைப் பெண்கள்தான் கழுவி வெள்ளை உடுத்துவார்கள். நானும் வருகிறேன் என்று கேட்டேன். ஓம், இந்த முறை கேட்டேன். யூதப் பெண்கள்தான் செய்யலாம் என்று ஒரு அம்மா என் கையைப் பிடித்துச் சொன்னார். வெளியே குளிருக்குள் நின்றேன்.

பிள்ளை இல்லாத அன்ரிக்குப் பதினொரு மாசமும் தானே கடிஷ் சொல்வதாகத் திறப்புக் கிழவர் குழிக்குப் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார். அவருக்கு எண்பத்தி நாலு வயது. சொன்ன மாதிரி ஒவ்வொரு விடியலும் வருகிறார். ஆனால் பத்துப் பேர் வேண்டுமே. ஆட்களைப் பிடித்துக்கொண்டு வந்தவரைத்தான் புதைத்துவிட்டு வந்தோமே. ஒருநாள் ஏழு, ஒருநாள் எட்டு. சேராத நாளில் வேதத்தில் உள்ள சங்கீதங்களை வாசித்துவிட்டுக் கலைந்து போகிறார்கள். கடிஷ் இல்லை.

நான் ரோட்டில் இறங்கிப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. நீங்கள் யூதரா என்று முன்பின் தெரியாத ஒருத்தி தெருவில் கேட்டால், இந்த நாட்களில் அவர்கள் பயப்படுகிறார்கள். ஒரு மனிதர் இரண்டு அடி பின்னால் போய் போனைக் கையில் எடுத்தார். ஏப்ரனைக் காட்டி, "பேக்கரி அன்ரிக்காக" என்று கெஞ்சினேன். கையைக் கீழே விட்டார், ஷூலுக்குள் போனார். இன்னொரு நாள் அந்த வக்கீலைக் கண்டு ஓடினேன். நான் வாயைத் திறக்க முன்னமே "தெரியும்" என்றான். இப்படி இரண்டு மூன்று நாள் சரிவந்தது. மற்ற நாட்களில் வெறும் கையோடு திரும்பினேன்.

செத்தவர்களுக்கு நாங்கள் செய்கிற முப்பத்தொன்றாம் நாள் மாதிரி அவர்களுக்கு முப்பதாம் நாள் பெரிய நாள். அது இன்று. அன்ரியின் சிநேகிதிகள் இரண்டு பேர் வந்து பெண்கள் பகுதியில் நின்றார்கள். நான் ஆறு மணியிலிருந்து தெருவில் நின்றேன். ஒன்பது ஆண்கள் வந்தார்கள். ஏழு மணிவரை காத்துக்கொண்டு நின்றார்கள். பத்தாவது ஆள் வரவில்லை. மழை.

எல்லாரும் போன பிறகு திறப்புக் கிழவர் கதவைப் பூட்ட வந்தார். என்னால் அடக்க முடியவில்லை.

"உள்ளுக்கு ரெண்டு பொம்பிளையள் நிண்டவைதானே? இண்டைக்கு ஒரு நாளைக்கு, அன்ரிக்காக, அதில ஒராளை எண்ணியிருக்கக் கூடாதா?"

கிழவர் பூட்டிலிருந்து திறப்பை எடுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. "நான் எண்ணியிருப்பன், பிள்ளை" என்றார். "அவ அதுக்கு ஓம் எண்டிருப்பாவோ?"

எனக்குப் பதில் தெரியும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போறணைக்கு முன்னால் போய் நின்று வாய்விட்டு அழுதேன்.

இதை வாசிக்கிற உங்களை அந்த ஷூலில் ஒருவரும் எண்ண மாட்டார்கள். எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். நான் அப்பாவுக்குக் கேட்காமல் விட்டவள், இதையும் கேட்காமல் விட மாட்டேன். நீங்கள் சைவமோ கிறிஸ்தவ வேதமோ, ஆணோ பெண்ணோ, அவருக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள். தேவாரம் என்றால் தேவாரம், செபமாலை என்றால் செபமாலை. ஒன்றும் தெரியாவிட்டால், நல்ல இடத்துக்குப் போகட்டும் என்று வாய்க்குள்ளே சொல்லுங்கள். ரயிலில் நின்றுகொண்டென்றாலும் பரவாயில்லை. பிறகு பார்ப்போம் என்று வைக்காதீர்கள். கிழவருக்கு வயது போகிறது, இன்னும் பத்து மாசம் கிடக்கிறது. தயவுசெய்து எல்லாரும் அவருக்காகப் பிரார்த்தியுங்கள்.